பாலத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? மிச்சிகனில் ஐந்து நாள் பயணம்

மிச்சிகனில் பிறந்து வளர்ந்தவர்களிடம் சொந்த ஊர் எது என்று கேட்டால், பதில் சொல்வதற்கு முன்பே கையைத் தூக்கிவிடுவார்கள். வலக்கையை விரித்து, உள்ளங்கையைத் தம் பக்கம் திருப்பி, ஓரிடத்தைத் தொட்டுக்காட்டுவார்கள். கட்டைவிரலின் அடியில் டெட்ராய்ட். நடுவிரல் நுனியில் மெக்கினா சிட்டி. சுண்டுவிரல் பக்கம் டிராவர்ஸ் சிட்டி. மாநிலத்தின் தெற்குப் பகுதி அச்சு அசலாக ஒரு கையுறையின் வடிவில் இருப்பதால் வந்த வசதி இது. வடக்குப் பகுதியைச் சேர்ந்தவர் என்றால், இடக்கையை அந்த விரல்நுனிகளுக்கு மேலே கிடையாகப் பிடித்துக் காட்டுவார். இரண்டு கைகளும் ஒன்றையொன்று தொடுவதில்லை. நடுவில் மெக்கினா நீரிணை ஓடுகிறது. அதன்மேல் 8 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பாலம்.

டெட்ராய்ட்டைச் சுற்றி ட்ராய், நோவை, கேன்டன் போன்ற ஊர்களில் கார் தொழிலை ஒட்டிக் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கின்றன. ஊரிலிருந்து பெற்றோர் வந்து தங்கும் கோடையில் அந்த வீடுகளில் ஒரு கேள்வி தவறாமல் எழும். ஐந்து பகல், நான்கு இரவு கிடைத்திருக்கிறது. பாலத்துக்குத் தெற்கிலேயே நின்று மிச்சிகன் ஏரிக்கரையைப் பார்ப்பதா? பாலம் கடந்து, சுப்பீரியர் ஏரியை ஒட்டிய அப்பர் பெனின்சுலா என்னும் வடக்குத் தீபகற்பத்துக்குப் போவதா? என்னிடம் கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: மிச்சிகன் ஏரி குளிக்கிற ஏரி, சுப்பீரியர் ஏரி பார்க்கிற ஏரி. காரில் ஏறப்போகிறவர்கள் யார் யார் என்று எண்ணிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பெயர்களைப் பற்றிக் கொஞ்சம்

பெயர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். வரைபடத்தை விரித்துவைத்துத் திட்டம் போடும்போது அவைதாம் ஆளைக் குழப்பும்.

‘மிஷிகாமி’ என்றால் இப்பகுதிப் பழங்குடியினரின் ஒஜிப்வே மொழியில் பெரிய நீர். ஏரிக்கு வழங்கிய அந்தப் பெயரே மாநிலத்துக்கும் ஆகிவந்தது. பொருத்தமான பெயர்தான். ஐந்து பேரேரிகளில் ஒன்டாரியோ தவிர மற்ற நான்கும் இந்த மாநிலத்தைத் தொடுகின்றன. தீவுகளின் கரைகளையும் சேர்த்தால் கரையின் நீளம் 5,000 கிலோமீட்டருக்கு மேல் வரும். ‘சுப்பீரியர்’ என்ற பெயரைக் கேட்டதும் மற்றவற்றைவிட உயர்ந்த ஏரி என்று பொருள்கொள்வோம். பிரெஞ்சுக்காரர்கள் அப்படிச் சொல்லவில்லை. மேற்பக்கத்தில் இருக்கும் ஏரி என்பதுதான் அவர்கள் சொன்னது. அதன் பழைய ஒஜிப்வே பெயர் கிச்சிகாமி, அதாவது பெருங்கடல். 82,000 சதுர கிலோமீட்டர் பரப்பும் 400 மீட்டர் ஆழமும் கொண்ட நீர்நிலைக்கு எனக்கு அந்தப் பெயர்தான் பிடிக்கும். ‘டெட்ராய்ட்’ என்பதும் பிரெஞ்சுச் சொல்லே. நீரிணை என்று பொருள். 1701-இல் கடிலாக் என்ற பிரெஞ்சு அதிகாரி அங்கே கோட்டை கட்டியபோது வைத்த பெயர்.

‘மெக்கினா’ விஷயத்தில்தான் எச்சரிக்கை வேண்டும். பாலம், தீவு, நீரிணை ஆகியவற்றின் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது கடைசியில் ‘க்’ ஒலிக்கும் எழுத்து நிற்கும். ஆனால் அதை உச்சரிக்கக் கூடாது. பிரெஞ்சு எழுத்துமுறையின் மிச்சம் அது. தென்கரையில் இருக்கும் ஊரை மட்டும் காதில் விழுந்தபடியே எழுதிவிட்டார்கள். எழுதும் விதம் இரண்டு, ஒலி ஒன்று. காரின் வழிகாட்டியில் தீவின் பெயரைத் தட்டிவிட்டு, கார் நுழையவே முடியாத இடத்துக்குப் பாதை கேட்டுக்கொண்டிருக்கும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

அல்பீனா, அல்கோனா, டஸ்கோலா, ஆஸ்கோடா என்று சில கவுன்டிகளுக்கு, அதாவது மாவட்டங்களுக்கு, பெயர் உண்டு. பழங்குடிப் பெயர்கள் போலவே ஒலிக்கும். உண்மையில் அவை 19-ஆம் நூற்றாண்டில் ஹென்றி ஸ்கூல்கிராஃப்ட் என்ற அரசு முகவர் ஒஜிப்வே, அரபு, லத்தீன் அசைகளை ஒட்டுப்போட்டு உண்டாக்கியவை. அவருடைய மனைவி ஜேன் ஜான்ஸ்டன் ஒஜிப்வே தாய்க்குப் பிறந்தவர், அந்த மொழியில் கவிதை எழுதியவர். வீட்டிலேயே மொழி இருக்க, ஏன் பொய்ப் பெயர்களைப் படைத்தார் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. அந்த வருத்தம் இந்த ஊர்களைக் கடக்கும்போதெல்லாம் வரும்.

வடக்குத் தீபகற்பம் எப்படி மிச்சிகனோடு சேர்ந்தது என்பது தனிக்கதை. டொலீடோ நகரம் யாருக்கு என்று 1835-இல் ஒஹையோவோடு சண்டை மூண்டது. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் டொலீடோவை ஒஹையோவுக்குக் கொடுத்துவிட்டு, ஈடாக வடக்குக் காட்டை மிச்சிகனுக்குத் தந்தது. 1837 ஜனவரி 26-இல் மிச்சிகன் 26-ஆவது மாநிலமானது. உதவாத நிலத்தைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று அன்று மனம் புழுங்கினார்கள். சில ஆண்டுகளிலேயே அங்கே செம்பும் இரும்பும் தோண்டத் தொடங்கினார்கள்.

இன்றைக்கும் மாநில நிலத்தில் நாலில் ஒரு பங்குக்கு மேல் அங்கேதான் இருக்கிறது. மக்களோ நூற்றுக்கு மூன்று பேர்தான். பயணத் திட்டத்துக்கு இந்தக் கணக்கு முக்கியம். ஊருக்கும் ஊருக்கும் இடையே காடு மட்டுமே இருக்கும். டெட்ராய்ட்டிலிருந்து தலைநகர் வாஷிங்டனுக்குப் போகும் தூரத்தைவிட, இதே மாநிலத்தின் வடகோடி ஊரான காப்பர் ஹார்பருக்குப் போகும் தூரம் அதிகம்.

தெற்கில் நிற்பதென்றால்

பாலத்துக்குத் தெற்கே என்று நான் சொல்வது சுண்டுவிரல் பக்கத்துக் கரையை. டெட்ராய்ட்டிலிருந்து டிராவர்ஸ் சிட்டி 400 கிலோமீட்டர் சொச்சம், நாலு மணி நேரம். காலைச் சிற்றுண்டியை முடித்துவிட்டுக் கிளம்பினால் பிற்பகலில் தண்ணீரில் கால் வைத்துவிடலாம்.

இங்கே பார்க்க வேண்டியது ‘ஸ்லீப்பிங் பேர்’ மணல்மேடுகள். தூங்கும் கரடி என்று பெயர். எதிர்க்கரையான விஸ்கான்சினில் காட்டுத்தீ பிடித்தது. தாய்க்கரடி ஒன்று இரண்டு குட்டிகளோடு ஏரியில் குதித்து நீந்தியது. தாய் கரையேறிவிட்டது, குட்டிகள் கரைக்கு அருகே வந்து மூழ்கிவிட்டன. அவை வருமென்று காத்துப் படுத்த தாய்தான் மணல்மேடு, குட்டிகள்தாம் எதிரே தெரியும் இரண்டு மானிட்டூ தீவுகள் என்று அனிஷினாபே பழங்குடி மக்கள் சொல்வார்கள். கதையைத் தெரிந்துகொண்டு அந்த மேட்டில் நின்று தீவுகளைப் பார்ப்பது வேறு அனுபவம். என் அம்மா அன்று வெகுநேரம் பேசவில்லை.

பியர்ஸ் ஸ்டாக்கிங் சாலை என்று 12 கிலோமீட்டர் வட்டப்பாதை உண்டு. முட்டிவலி உள்ளவர்கள் காரைவிட்டு அதிகம் நடக்காமலேயே, ஏரிக்கு 137 மீட்டர் மேலே இருக்கும் காட்சிமேடைக்கு வந்துவிடலாம். அங்கிருந்து நேர் கீழே தண்ணீர் வரைக்கும் மணற்சரிவு. இளைஞர்கள் கூவிக்கொண்டு ஓடி இறங்குவார்கள். இறங்கச் சில நிமிடங்கள் போதும். ஏற ஒரு மணி நேரம், சிலருக்கு இரண்டு மணி நேரம்கூட ஆகும். வேறு வழி கிடையாது. பலகையில் எழுதிவைத்திருக்கிறார்கள், தயவுசெய்து படியுங்கள். பிள்ளைகள் மணலில் ஏறி இறங்கி ஆட வேண்டுமென்றால் அதற்கென்று ‘டியூன் கிளைம்ப்’ என்ற பகுதி தனியாக இருக்கிறது. அங்கே அம்மா அப்பா கீழே நிழலில் உட்கார்ந்துகொண்டே பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

ஆகஸ்ட் மாதத்தில் இந்தப் பக்கத்து நீர் குளிப்பதற்கு இதமாக இருக்கும். ஏரிதானே என்று மட்டும் அலட்சியமாக இருந்துவிடக் கூடாது. காற்று கிளம்பினால் கடலைப் போலவே அலை எழுந்து, ஆளை உள்ளே இழுக்கும் நீரோட்டம் உண்டாகும். ஆண்டுதோறும் உயிர்கள் போகின்றன. பல கடற்கரைகளில் கொடி ஏற்றிவைக்கிறார்கள். சிவப்புக் கொடி பறந்தால் கால்கூட நனைக்க வேண்டாம்.

இந்த நாட்டின் புளிப்புச் செர்ரியில் பெரும்பகுதி மிச்சிகனில் விளைகிறது. அதற்கு நடுநாயகம் டிராவர்ஸ் சிட்டி. ஜூலையில் பழம் முற்றும். அம்மா அந்தச் செர்ரியை வாயில் போட்டதும் ஊறுகாய்க்குத்தான் சரி என்று தீர்ப்புச் சொல்லி, அன்றிரவே மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் சேர்த்துத் தொக்கு கிளறினார். எங்கள் வீட்டில் அது ஒவ்வோர் ஆண்டும் தொடர்கிறது. சற்று வடக்கே பெட்டாஸ்கி கரையில் அறுகோணக் கோலம் போட்டதுபோன்ற கற்கள் கிடக்கும். 35 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே இங்கே வெப்பக்கடல் இருந்தபோது வாழ்ந்த பவளத்தின் புதைபடிவம். 1965-இலிருந்து மாநிலக் கல். உலர்ந்திருந்தால் சாதாரணச் சாம்பல் கல். நீரில் நனைத்தால்தான் கோலம் தெரியும். மாநிலப் பூங்காக் கரைகளில் ஒருவர் ஆண்டுக்கு 25 பவுண்டு வரை எடுத்துக்கொள்ளலாம். ஸ்லீப்பிங் பேர் பகுதி மத்திய அரசின் பொறுப்பில் இருப்பதால் அங்கே ஒரு கல்லைக்கூட எடுக்கக் கூடாது.

இன்னொன்று. மேற்குப் பார்த்த கரை என்பதால் சூரியன் ஏரிக்குள்ளேதான் இறங்கும். ஜூன் கடைசியில் அது நடப்பது இரவு ஒன்பதரை மணிக்கு. இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, பாயும் போர்வையுமாகப் போய் உட்காரலாம்.

பாலம் கடந்தால்

1957 நவம்பர் 1-ஆம் தேதி இந்தப் பாலம் திறக்கும்வரை இரண்டு தீபகற்பங்களுக்கும் இடையே சாலை கிடையாது. கார்களைப் படகில் ஏற்றிக் கடத்தினார்கள். வேட்டைப் பருவத்தில் வரிசை மைல்கணக்கில் நிற்குமாம். வடிவமைத்தவர் டேவிட் ஸ்டைன்மேன். நீர்மட்டத்திலிருந்து கோபுரங்கள் 168 மீட்டர் உயரம். நடுப்பகுதியில் உள்பக்கத்துத் தடம் வெறும் இரும்புக் கம்பிவலைதான்; கீழே நீர் தெரியும், டயர் ரீங்கரிக்கும். பயப்படுகிறவர்கள் வெளித்தடத்திலேயே மெதுவாகப் போகலாம். அதற்கும் துணிவு வராவிட்டால், பால நிர்வாகமே ஆள் கொடுத்து உங்கள் காரை ஓட்டிக் கடத்திவிடும்.

பாலம் கடந்து ஒரு மணி நேரத்துக்குள் ‘சூ செயின்ட் மேரி’. 1668-இல் தோன்றிய ஊர், மாநிலத்திலேயே பழையது. முதற்சொல்லை எழுதுவது ஒருவிதம், சொல்வது ‘சூ’. பழைய பிரெஞ்சில் ஆற்றின் துள்ளோட்டம் என்று பொருள். சுப்பீரியர் ஏரியின் நீர் இங்கேதான் 6 மீட்டருக்கு மேல் தாவிக் கீழே இறங்குகிறது. கப்பல் தாவ முடியாதே. அதற்காக 1855-இல் முதல் நீர்ப்பூட்டு கட்டினார்கள். இன்று 300 மீட்டர் நீளச் சரக்குக் கப்பல்கள் இரும்புத் தாதுவோடு வந்து பூட்டுக்குள் நிற்கின்றன, கதவு மூடுகிறது, நீர் ஏறுகிறது அல்லது இறங்குகிறது, கப்பல் அடுத்த மட்டத்துக்குப் போய்விடுகிறது.

என் அப்பா முப்பது ஆண்டுகள் பாசனப் பிரிவில் வேலை பார்த்தவர். ஏரி மதகுகளின் ஷட்டரை ஏற்றுவதும் இறக்குவதுமாகவே அவர் காலம் போனது. பூட்டுக்குள் நீரை நிரப்ப எத்தனை குதிரைத்திறன் பம்ப் என்று கேட்டார். பம்ப்பே கிடையாது, மேல்மட்ட நீர் தன் எடையாலேயே வந்து நிரப்புகிறது என்று அங்கிருந்த பலகையைப் படித்துச் சொன்னேன். அதன்பிறகு அவரைக் கிளப்ப முடியவில்லை. மூன்று கப்பல்கள் கடந்துபோகும்வரை கம்பியைப் பிடித்தபடி நின்றார். மதிய வெயிலில் தண்ணீர் குடிக்கக்கூட வரவில்லை. அமெரிக்காவில் அவர் பார்த்த எல்லாவற்றிலும் அந்த இடத்தைத்தான் இன்றும் நண்பர்களிடம் விவரிக்கிறார். கப்பல்கள் வரும் நேரத்தைப் பார்வையாளர் மையத்தில் கேட்டுக்கொள்ளலாம், கட்டணமில்லை.

ஓர் எச்சரிக்கை: இந்த ஊரின் எதிர்க்கரை கனடா. சாலையில் கனடாவுக்குப் பிரியும் பலகையைக் கவனிக்காமல் பாலமேறிவிட்டால் திரும்பி வருவதற்கு எல்லை அதிகாரிகளிடம் நிற்க வேண்டியிருக்கும். பெற்றோர் பார்வையாளர் விசாவில் வந்திருந்தால் இது விளையாட்டில்லை.

சூவிலிருந்து மேற்கே தக்வாமெனன் அருவி. 60 மீட்டர் அகலம், 15 மீட்டர் வீழ்ச்சி. நம் குற்றாலத்தைப் போல நின்று குளிக்க முடியாது, எட்ட நின்று பார்ப்பதுதான். நீர் கடுங்காப்பி நிறத்தில் விழும். அழுக்கில்லை, ஆறு கடந்துவரும் சீடார் சதுப்புநிலத்தின் சாறு அது.

அதற்கும் மேற்கே முனிசிங். அங்கிருந்து படகேறினால் பிக்சர்டு ராக்ஸ். 1966-இல் நாட்டின் முதல் தேசிய ஏரிக்கரையாக அறிவிக்கப்பட்டது. 60 மீட்டர் உயர மணற்கல் பாறைகள் நீரிலிருந்து நேராக எழுந்து நிற்கும். பாறைக்குள்ளிருந்து கசிந்துவரும் நீரில் இரும்பு இருந்தால் சிவப்பும் காவியும், செம்பு இருந்தால் நீலமும் பச்சையும், மாங்கனீசு இருந்தால் கறுப்புமாகத் தாரை தாரையாக வழிந்து உறைந்திருக்கும். மாலை வெயில் நேராக விழும் கடைசிப் படகுகளில் ஒன்றில் போங்கள். படகில் உட்கார்ந்தே பார்க்கலாம் என்பதால் முதியவர்களுக்குச் சிரமமே இல்லை. நீரில் இறங்கும் ஆசையை மட்டும் விட்டுவிடுங்கள். ஆகஸ்டிலும் கால் மரத்துப்போகும்.

திரும்பும் வழியில், மனிஸ்டீக் அருகே கிச்-இட்டி-கிப்பி என்ற ஊற்று. 12 மீட்டர் ஆழம். அடியில் மணல் கொதிப்பதுபோலக் குமிழியிட்டு நீர் பீறிடுவதும், மீன்கள் அந்தரத்தில் நிற்பதுபோல நீந்துவதும் கண்ணாடி வழியே பார்ப்பதுபோலத் தெரியும். ஆண்டு முழுவதும் 7 டிகிரி, பனிக்காலத்திலும் உறையாது. கம்பி வடத்தில் கோத்த ஒரு தெப்பம் இருக்கிறது. வருகிறவர்களே சக்கரத்தைச் சுற்றி அதை நடு ஊற்றுக்குக் கொண்டுபோக வேண்டும்.

பாலத்திலிருந்து சூ, தக்வாமெனன், முனிசிங், மனிஸ்டீக், மீண்டும் பாலம் என்று இது ஒரு முழு வட்டம். போன வழியே திரும்ப வேண்டியதில்லை. டெட்ராய்ட்டிலிருந்து பாலத்துக்கு வர நாலரை மணி நேரம் ஆகும் என்பதால், முதல் நாளும் கடைசி நாளும் சாலைக்கே போய்விடும். மிச்ச மூன்று நாளில் இந்த வட்டம் தாராளமாக முடியும்.

சிரமங்களையும் சொல்ல வேண்டும். ஜூனில் கொசுவும் கறுப்பு நிறக் கடிஈக்களும் பிய்த்தெடுக்கும். ஆகஸ்ட் பிற்பகுதியும் செப்டம்பரும்தான் நல்ல காலம். காட்டுச்சாலையில் கைப்பேசிக்குத் தொடர்பு கிடைக்காது. சூரியன் சாய்ந்ததும் மான்கள் குறுக்கே வரும், ஆகவே இருட்டுவதற்குள் தங்குமிடம் சேர்ந்துவிடுங்கள். பெட்ரோல் பாதி குறைந்தாலே நிரப்பிக்கொள்ளுங்கள். இங்கே எங்கும் விற்கும் ‘பாஸ்டி’ என்பது கார்ன்வாலிலிருந்து வந்த சுரங்கத் தொழிலாளர்களின் மடித்துச் சுட்ட உணவு. உள்ளே பெரும்பாலும் மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் இருக்கும். சைவம் சாப்பிடுகிறவர்கள் சமையலறையுள்ள விடுதியாகப் பார்த்து, அரிசியும் குக்கரும் புளிக்காய்ச்சலும் எடுத்துப்போவது நல்லது.

தீவும் மற்றவையும்

எந்தப் பக்கம் போனாலும் மெக்கினா தீவை ஒரு நாள் சேர்த்துக்கொள்ளலாம் என்பார்கள். 1898-இலிருந்து அங்கே கார் கிடையாது. குதிரை வண்டியும் சைக்கிளும்தான். தீவைச் சுற்றிவரும் 13 கிலோமீட்டர் சாலை அழகானதுதான். ஆனால் அரை நாள் போதும் என்பது என் கருத்து. இரவு தங்கும் பணத்தில் முனிசிங்கில் இரண்டு இரவு தங்கிவிடலாம்.

ஐல் ராயல் தேசியப் பூங்கா, செம்புச் சுரங்கங்கள் இருந்த கிவினா ஆகியவற்றை ஐந்து நாளில் தொடாதீர்கள்.

ஆக, யாருக்கு எது?

பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளோடு போவதென்றால் தெற்குதான். காரில் கழியும் நேரம் குறைவு, மணலும் நீரும் தாராளம். பெற்றோருக்காகப் போவதென்றால் யோசிக்காமல் பாலம் கடந்துவிடுங்கள். ஏறி இறங்கும் வேலை அங்கே குறைவு. கப்பலும் படகும் தெப்பமும் உட்கார்ந்து, நின்று பார்ப்பவை. இரண்டையும் ஒரே பயணத்தில் அடைக்காதீர்கள். முதல் முறை நாங்கள் அப்படிச் செய்து, மணல்மேட்டில் ஒரு மணி நேரம், அருவியில் அரை மணி நேரம் என்று ஓடியதில் அம்மாவுக்கு நினைவில் நின்றது நெடுஞ்சாலைதான்.

தாத்தா பாட்டியும் பேரப்பிள்ளைகளும் ஒரே காரில் வரும்போதுதான் மனம் ஊசலாடும். அதற்கு வரைபடத்திலேயே விடை இருக்கிறது. வடக்குத் தீபகற்பத்தின் தென்கரை மிச்சிகன் ஏரியின் கரைதானே! பாலம் இறங்கியதும் செயின்ட் இக்னஸ் ஊரிலிருந்து மேற்கே செல்லும் 2-ஆம் எண் நெடுஞ்சாலையில், சாலையோரத்திலேயே காரை நிறுத்திவிட்டு இறங்கும் மணற்கரைகள் வரிசையாக இருக்கின்றன. குளிக்கிற ஏரி பாலத்துக்கு அப்பாலும் நம்மோடு வருகிறது. வட்டத்தை முடித்துக்கொண்டு மனிஸ்டீக்கிலிருந்து திரும்பும் நாளை முழுவதுமாகப் பிள்ளைகளுக்கென்று அந்தக் கரைக்கு ஒதுக்கிவிடுங்கள்.

முன்பதிவு செய்யும்போது ஒன்றை மறக்க வேண்டாம். காற்று பலமாக வீசினால் பிக்சர்டு ராக்ஸ் படகுகள் கிளம்பாது. முனிசிங்கில் இரண்டு இரவு தங்குங்கள், படகு டிக்கெட்டை முதல் நாளுக்கே எடுங்கள். அன்று ரத்தானால் மறுநாள் ஒன்று கையில் இருக்கும்.